போரை விளையாடலாமா?

உத்தமபாளையத்துச் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் நம்மைத் தேடி வந்தார். முகத்தில் கவலை தெரிந்தது. "பாய், நம்ம பையன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் குச்சனூருக்குப் போய்விடுகிறான். கேட்டால், கூட்டாளிகளோடு சண்டை விளையாடப் போகிறேன் அத்தா என்கிறான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்குப் பொம்மை விளையாட்டா? இது கூடுமா, கூடாதா? நீங்களே ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நமக்குப் பழக்கமில்லை. அடுத்த ஞாயிறு அவருடன் புறப்பட்டோம். குச்சனூர் சனீஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சனிக்கிழமை அங்கே கூட்டம் நெரியும். ஞாயிறு மாலை அமைதியாயிருந்தது. சுரபி நதி பாயும் வயல்களுக்கு நடுவே, பையனின் நண்பர் ஒருவருடைய வீட்டு மாடியில் ஐந்து வாலிபர்கள் கூடியிருந்தார்கள். இருவர் நம்மவர்கள், மூவர் இந்து சகோதரர்கள். பெரிய மேசைமேல் ஒரு கோட்டை. அட்டையால் கொத்தளம், மரத்தூளால் மண்மேடு, விரல் நீளம்கூட இல்லாத சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் கையால் வர்ணம் தீட்டியவை. அடிக்கோலால் தூரம் அளந்து படையை நகர்த்துகிறார்கள். பீரங்கி சுட்டதா, தவறியதா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கிறார்கள். காசு வைத்து ஆடவில்லை.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது? பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரியான ரெய்ஸ்விட்ஸ் 1824இல், அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காக, வரைபடத்தின்மேல் ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டிலே ஆடும் முறையைப் புத்தகமாக்கினார். ஆயினும் கருத்து நமக்குப் புதிதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டத்தில் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டில் பிறந்து, பாரசீகம் சென்று, அரபு மக்களிடம் ஷத்ரஞ்சு ஆயிற்று. திண்ணையிலும் பாறையிலும் கோடு கிழித்து நம் பாட்டன்மார் ஆடிய ஆடு புலி ஆட்டம் என்ன? மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் சூழ்ந்து மடக்குவதும் ஒரு போர்தானே?

விளையாட்டு என்றாலே மார்க்கம் முகம் சுளிக்கும் என்று எண்ணுபவர்கள் இரண்டு சம்பவங்களை நினைத்துப் பார்க்கட்டும். பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்கும்படி நாயகம் (ஸல்) அவர்களே நின்று மறைத்துக் கொடுத்தார்கள். அன்னையின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னை பதில் கேட்க, நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தார்கள்.

அதற்காக எல்லை இல்லை என்று சொல்லவில்லை. சூது ஹராம், அதில் இரண்டு பேச்சில்லை. பகடை கொண்டு ஆடும் நர்து ஆட்டத்தை ஹதீஸ் கடுமையாகக் கண்டிக்கிறது. பந்தயம் இல்லாவிட்டாலும் கூடாது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. சதுரங்கத்தை நம் ஹனஃபீ நூல்கள் கடிந்தே பேசுகின்றன. ஷாஃபியீ மத்ஹபில், பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் ஆடினால் ஹராம் என்ற அளவுக்குப் போகவில்லை. உருவப் பொம்மை விஷயத்திலும், சிறுவர்களுக்கு உள்ள சலுகை பெரியவர்களுக்கு உண்டா என்பதில் பேச்சு இருக்கிறது. இவற்றில் ஃபத்வா கொடுப்பது ஆலிம்களின் பொறுப்பு. பிள்ளைகள் அவர்களிடமே கேட்கட்டும். ஒன்று மட்டும் சொன்னோம்: 1876இல் ஜெர்மன் தளபதி வெர்டி து வெர்னுவா பகடையைத் தள்ளிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பால் ஆட்டத்தை நடத்தும் முறையை வெளியிட்டார். பகடை இல்லாமலும் இந்த ஆட்டம் நடக்கும். சந்தேகமானதை விட்டுவிட வழி இருக்கும்போது விட்டுவிடுவதுதானே பேணுதல்?

ஆனால் அன்று நம் மனத்தைக் குடைந்த கேள்வி இதைவிடப் பெரியது.

மேசைமேல் இருந்தது மதுரைக் கோட்டை. கான்சாகிப் யூசுப்கான் 1763, 1764ஆம் ஆண்டுகளில் அதற்குள் இருந்துகொண்டு, ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் படையையும் கும்பினிப் படையையும் எதிர்த்து நின்ற முற்றுகையைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவருடைய ஆட்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்றும் கூறுவதுண்டு. 1764 அக்டோபர் 15இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்றும், கால் நம் பெரியகுளத்துக்கு வந்தது என்றும் மக்கள் சொல்லி வருகிறார்கள். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

கும்பினிப் பக்கம் ஆடிய வாலிபர் கொத்தளத்தைப் பிடித்ததும், "முடிஞ்சது! கான்சாகிப்பைத் தூக்குல போடு!" என்று கைதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நம்முடன் வந்த தகப்பனார் சிரிக்கவில்லை. நமக்கும் சிரிப்பு வரவில்லை.

உடனே கண்டிக்க நாம் விரும்பவில்லை. "தம்பிமார்களே, நீங்கள் ஆடாத போர் ஏதாவது உண்டா?" என்று கேட்டோம். வீட்டுக்கார வாலிபர் சொன்னார்: "பர்மா யுத்தம் ஆட மாட்டோம். எங்க தாத்தாவோட அண்ணன் அதுக்குப் போய்த் திரும்பி வரலை. பாட்டி கடைசி வரைக்கும் அழுதுச்சு." நம் சகோதரரின் மகன் தொடர்ந்தான்: "பத்ரும் ஆட மாட்டோம், கர்பலாவும் ஆட மாட்டோம். அதெல்லாம் எப்படி?"

எப்படி என்று அவன் கேட்டதிலேயே விடை இருக்கிறது. பத்ரில் நின்ற முந்நூற்றுப் பதின்மூன்று பேரை ஈயப் பொம்மையாக்க நம் கை கூசுகிறது. கர்பலாவில் தண்ணீர் மறித்த பக்கத்தை ஒருவன் விளையாட்டுக்காக எடுத்துக்கொள்வதை நினைக்கவே முடியவில்லை. ஏன்? அங்கே விழுந்தவர்கள் நமக்கு வேண்டியவர்கள். அப்படியானால் மற்றப் போர்களில் விழுந்தவர்கள் எவருக்குமே வேண்டாதவர்களா? ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு தாய் இருந்தாள். யூசுப்கானுக்காக அழ இன்று எவரும் உயிரோடு இல்லை என்பதால்தான் அந்தச் சிரிப்பு எளிதாக வந்தது. துக்கத்துக்குக் காலம் கடந்தால் மரியாதைக்கும் காலம் கடந்துவிடுமா?

மார்க்கம் துக்கத்துக்கு எல்லை வகுத்திருக்கிறது. மய்யித்துக்காக மூன்று நாள். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும். அதற்குமேல் துக்கம் காக்கச் சொல்லவில்லை. மரியாதைக்கோ அப்படி எல்லை வைக்கவில்லை. யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். இது யூதருடையது என்று தோழர்கள் சொன்னதற்கு, அதுவும் ஓர் ஆன்மாதானே என்று கேட்டார்கள். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்றும் போதித்தார்கள். எத்தனை ஆண்டு ஆன எலும்பு என்று அங்கே கணக்கில்லை.

"சரித்திரப் புத்தகமும் சினிமாவும் போரைக் காட்டவில்லையா? இதில் மட்டும் என்ன குற்றம்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. இன்னும் சொல்வோம்: அந்த முற்றுகையைப் பற்றி அந்த ஐவருக்கும் தெரிந்த அளவு நமக்கே தெரியாது. எந்த வாசல் எந்தத் திசையில், எந்த மழையில் முற்றுகை தடைப்பட்டது என்றெல்லாம் தேடிப் படித்திருக்கிறார்கள். அது இல்முதான். ஆனால் புத்தகத்தில் பசி இருக்கும், சினிமாவில் அழுகை இருக்கும். மேசைமேல் இரண்டும் இல்லை. விழுந்த பொம்மையை எடுத்து அடுத்த வாரம் மறுபடி நிறுத்தலாம். இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்தால் உண்மைப் போர் எத்தனை மடத்தனம் என்பது புரியும் என்று வெல்ஸ் நம்பினார். மறு ஆண்டே, 1914இல், உலகப் போர் மூண்டது. பிரஷ்ய அதிகாரிகள் மேசையில் ஆடிவிட்டு 1866இலும் 1870இலும் நிஜப் போருக்கே போனார்கள். ஆட்டம் தானாக இரக்கத்தைக் கற்றுத் தராது. ஆடுகிறவன்தான் அதைக் கொண்டுவர வேண்டும். செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்பது இதற்கும் பொருந்தும்.

பேசிக்கொண்டிருக்கையில் மஃரிப் நேரம் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் இருவரும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஒளூச் செய்ய எழுந்தார்கள். மாடியின் ஒரு மூலையில் ஜமாஅத்தாகத் தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, "தூக்குல போடு" என்று கைதட்டிய அந்த வாலிபர், தரையில் சிதறிக் கிடந்த பொம்மைகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்து, "ஐயா, சம்மட்டிபுரத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வர்றோம்" என்றார்.

திரும்பும் வழியில் தகப்பனார், "அப்ப, பையனை அனுப்பலாமா பாய்?" என்று கேட்டார். "பகடையைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு அதன்படி நடக்கட்டும். தொழுகை தவறக்கூடாது, பந்தயம் கூடாது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் போரில் செத்தவர்களின் கதையை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் சம்மதித்தால் நாம் தடுக்க மாட்டோம்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "அடுத்த வாரம் நானும் போகிறேன். கதையை நானே சொல்கிறேன்" என்றார்.

எந்த உயிரையும் எளிதாக எண்ணாத உள்ளத்தை அல்லாஹுத்தஆலா நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.