எவருடைய தேவை?

மனநோய் மருத்துவமனையில் மாலையில் விடைபெறும் மருத்துவர், நோயாளியின் ஏட்டில் பல வேளைகளில் ஒரு வரி எழுதிச் செல்வார்: ‘தேவைப்பட்டால் ஊசி கொடுக்கவும்.’ மருந்தின் பெயரும் அளவும் மருத்துவர் வகுத்தவை. ‘தேவைப்பட்டால்’ என்னும் சொல் மட்டும் இரவுப் பணியிலுள்ள செவிலியரிடம் விடப்படுகின்றது. அச்சொல்லைக் குறித்தே நாம் ஈண்டுச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

இரவு இரண்டு மணி என்று கொள்வோம். ஒருவர் உறங்காமல் கூடத்தில் அங்குமிங்கும் உலவுகின்றார், உரத்துப் பேசுகின்றார். பிறர் விழித்துக்கொள்கின்றனர். செவிலியர் ஒருவர், உதவியாளர் ஒருவர், கட்டில்களோ நாற்பது. ஊசி போட்டால் சிறிது நேரத்தில் அமைதி உண்டாகும். இங்கே தேவை எவருடையது? உலவுபவருடையதா, உறக்கம் கெட்டவர்களுடையதா, அஞ்சி நிற்கும் செவிலியருடையதா?

மூன்றும் மெய்யான தேவைகளே. செவிலியரின் அச்சத்தை நாம் இகழோம்; பணியில் அடிபட்டோர் பலர். ஆயினும் பிறர் உறக்கத்தின்பொருட்டு ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு, அவர் நன்மைக்கே செய்ததாக எழுதிவைப்பது எவ்வாறு பொருந்தும்?

உலவுதலை நோயின் சீற்றம் என்று கொள்வதும் எப்பொழுதும் சரியாகாது. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளே சிலருக்கு ஓரிடத்தில் இருக்கவொட்டாத தவிப்பை உண்டாக்கும். அகதீசியா என்பது அதன் பெயர். அதனை அறியாது அதே மருந்தை மீண்டும் செலுத்தினால் தவிப்பு மிகக்கூடும். நீரிழிவுக்கு மருந்துண்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் மனக்கலக்கம் தோன்றும். சிறுநீர் அடைபட்ட முதியவரும் கூச்சலிடுவார். ஆதலின் தேர்ந்த செவிலியர் மருந்தை எடுக்குமுன், கையெட்டாத தொலைவில் நின்று, “ஐயா, உடம்புக்கு என்ன செய்கிறது?” என்று கேட்கின்றார். கேட்ட அளவிலேயே தணிவோர் உண்டு. தணியாதோரும் உண்டு, அவருக்கு ஊசி கொடாமையே சில வேளை குற்றமாகும்.

கருவிகள் காலந்தோறும் மென்மையாகியே வந்துள்ளன. 1797இல் பாரிசு நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில் நோயாளிகளின் சங்கிலிகள் களையப்பட்டன. அப்புகழை உலகம் மருத்துவர் பினேலுக்குச் சூட்டியது; களைந்தவரோ நோயாளிகளோடு உடனிருந்து பழகிய கண்காணிப்பாளர் புசேன். (உடனிருப்பவரை உலகம் மறப்பது புதிதன்று.) ஆனால் சங்கிலி போன இடத்தில் கைகளைப் பிணிக்கும் துணிச்சட்டை வந்தது. 1952இல் அந்நகரிலேயே குளோர்புரோமசீன் மனநோய்க்கு வழங்கப்படலாயிற்று. அது பல்லாயிரவரைத் துயரினின்று மீட்டது என்பதில் ஐயமில்லை. எனினும், மருந்தாலும் ஒருவரைக் கட்டிவைத்தல் கூடும்; மணிக்கட்டில் தழும்பு இராது, அவ்வளவே.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றும் விலக்குகின்றது. நோயாளியின் உடலைக் கட்டுவதாயின் உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழி இல்லாதபோதே கட்டலாம், தண்டனையாகக் கட்டலாகாது, ஆட்பற்றாக்குறையை மட்டுமே காரணமாக்கலாகாது என்கின்றது. இவ்விதிகளை ஊசிக்கும் உரியனவாகக் கொள்ளல் முறையென்பது நம் கருத்து. தண்டனை என்பது நாமறியாமலே கையில் வந்து அமர்வது. முகத்தில் உமிழ்ந்தவருக்கு ஊசி எடுக்கும்போது, அவர் உமிழாதிருந்தால் இதனை எடுப்போமா என்று செவிலியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பித்துற்ற பிக்குவின் செயலை விநயம் குற்றமாக எண்ணுவதில்லை. குற்றமில்லாத இடத்தில் தண்டனை ஏது?

இவ்வளவும் சொல்லிச் செவிலியர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றுவது நீதியன்று. ஊசி கொடாமல் ஒருவர் காயமுற்றால் விசாரணை அவர்மேல் வரும். காரணமின்றிக் கொடுத்தால் கேட்பார் எவருமிலர். இத்தகைய ஏற்பாடு எத்துணைக் கனிந்த மனத்தையும் ஊசியை நோக்கியே தள்ளும். ஆகவே மாற்றம் ஏட்டிலிருந்து தொடங்கட்டும். ‘கலகம் செய்தார்’ என்பது காரணமாகாது. அவர் என்ன செய்தார், என்ன சொன்னார், முதலில் எதனை முயன்றோம், அது ஏன் பயனளிக்கவில்லை என எழுதுதல் வேண்டும். மருத்துவரும் காலையில் அதனைப் படித்து வினவுதல் வேண்டும்.

மற்றும் ஒருவரையும் வினவவேண்டும். மயக்கம் தெளிந்து கட்டிலில் எழுந்து அமர்ந்திருப்பவரிடம், நேற்றிரவு தமக்கு எது உதவியிருக்கும் என்று கேட்டு, அவர் சொல்வதையும் அதே ஏட்டில், அடுத்த இரவுக்கு வருபவர் கண்ணில் படுமாறு, குறித்துவைக்கலாம்.