ஏழில் ஒன்று

ஆவணி மாதம் பாதி கழிந்தால் கீழ்வேளூர்க் கடைத்தெருவில் காவி உடைகள் தென்பட ஆரம்பித்துவிடும். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் போகிறவர்கள். ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8 மாதாவின் பிறந்த நாள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். காலில் செருப்பு இராது. சில கோஷ்டிகள் சின்னச் சப்பரம் ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். எங்கள் ஊர்க் கேடிலியப்பரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களே இந்தக் கூட்டத்துக்கு மோர் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் மோர் கொடுத்த இடத்தில் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: "எல்லா நாளும் கடவுளுடைய நாள்தானே? அதில் ஒரு நாளை மட்டும் தனியே எடுத்து, இது பிரார்த்தனைக்கு என்று வைப்பானேன்? மற்ற நாளெல்லாம் என்ன பாவம் செய்தன?"

கேள்வி சாமர்த்தியமான கேள்வி. அந்த நேரத்தில் எனக்குப் பதில் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, அறுபது வருஷத்துக்கு மேலான ஒரு புரட்டாசி மாதம் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. 1952-ல் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாப்பதற்கென்று தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ஒரு தனிச் சட்டம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் சட்டம் சர்க்கார் காகிதத்தில் இருந்ததே தவிர, எங்கள் கொல்லைப்புறம் வரை வந்து சேரவில்லை. கூலியை நெல்லாக அளந்த காலம். நடவுக்கு வருகிற பெண்களில் ஒருத்தி கிறிஸ்தவப் பெண். ஆறு நாளும் விடியுமுன் வயலில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டாள். வெளுத்த புடைவை ஒன்றைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு நடந்து போய்விடுவாள்.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்தது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. தாத்தா அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏண்டி, ஒரு ஞாயித்துக்கிழமை வயல்லே இறங்கினா உங்க சாமி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்காது ஆண்டே" என்றாள் அவள். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆறு நாளும் குனிஞ்சே கெடக்கறேன். ஒரு நாளு நிமிந்து நிக்கறேன்."

தாத்தா ஒன்றும் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் வைத்து நடவை முடித்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, "போய், இந்த வாரம் அவ வர வேண்டாம்னு சொல்லிட்டு வா" என்றார். நான் ஓடினேன். பெரியவர்கள் ஒரு காரியத்தை என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள் என்ற பெருமையில்தான் ஓடினேன். வரப்பில் வந்துகொண்டிருந்தவளை மறித்துச் சொன்னேன். "சரி, சின்னாண்டே" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். அந்த வாரம் அவள் வீட்டில் எப்படி அடுப்பு எரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. ஒரு நாளின் விலை ஆறு நாள் கூலி என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் அதே வெளுத்த புடைவையில் எங்கள் தெரு முனையைக் கடந்து போனாள்.

தாத்தாவைக் கொடியவர் என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. பயிர் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. பிற்காலத்தில் சரித்திரப் புத்தகம் ஒன்றைப் படித்தபோது, தாத்தாவுக்கு ஒரு சக்கரவர்த்தியே துணை நின்றதைக் கண்டேன். ரோமாபுரியை ஆண்ட கான்ஸ்டன்டைன் 321-ம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுச் சட்டம் போட்டான். நீதிபதிகளும் நகரத்து ஜனங்களும் கைத்தொழிலாளரும் அன்று வேலையை நிறுத்த வேண்டும். உழவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. விதைப்பதற்கு ஏற்ற நாள் தவறிவிடக்கூடாது என்பது காரணம். சேற்றில் நிற்கிறவனுக்கு மட்டும் ஓய்வு கட்டாயமில்லை என்று அப்போதே தீர்மானித்துவிட்டார்கள்!

ஆனால் சக்கரவர்த்தியின் சட்டத்தைவிடப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. மோசே கொடுத்த பத்துக் கட்டளைகளில் ஓய்வு நாளைப் பற்றியது அது. யூதர்களுக்கு அந்த நாள் சனிக்கிழமை. கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாள் என்பதால் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டார்கள். அந்தக் கட்டளையைப் படித்துப் பாருங்கள். வீட்டு எஜமானனோடு அது நின்றுவிடவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய வேண்டும். மாடு ஓய வேண்டும். ஊருக்கு வந்த அந்நியனும் ஓய வேண்டும். உபாகமத்தில் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் என்னை உலுக்கியது: நீயும் எகிப்து தேசத்தில் அடிமையாக இருந்தாய், அதை மறந்துவிடாதே என்பது.

நண்பரின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இங்கேதான் இருக்கிறது. கடவுளுக்கு ஒரு நாள் தேவைப்படுகிறது என்று நான் நம்பவில்லை. எல்லா நாளும் அவருடையதுதான். ஆனால் எல்லா நாளும் கடவுளுடையது என்று சொல்லத் தொடங்குகிற வீட்டில், சிலருக்கு எல்லா நாளும் ஆண்டையுடையதாகிவிடுகிறது. ஒரு மனுஷி தன் ஆயுளில் ஏழில் ஒரு பங்கைப் பிரித்து, "இதற்கு நீ கூலி அளக்க முடியாது" என்று சொல்ல வேண்டுமானால், ஆண்டையைவிடப் பெரிய ஒருவரின் பெயரைச் சொல்லித்தான் சொல்ல முடியும். அவள் அப்படித்தான் சொன்னாள்.

நாம் இன்று சௌகரியமாக அனுபவிக்கிற ஞாயிறு விடுமுறைகூடச் சும்மா வந்துவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே வருஷக்கணக்கில் போராடினார். 1890-ல்தான் ஆலை முதலாளிகள் வாரம் ஒரு நாள் விடுமுறைக்கு இணங்கினார்கள். அவர் கிறிஸ்தவரல்லர். ஆனாலும் அந்தப் பழைய கட்டளையில் பாதியை அவர் நிறைவேற்றி வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாளை ஒதுக்கிவிட்டால் மட்டும் போதுமா என்பது அடுத்த சங்கடம். உலகம் முழுவதும் புனிதமென்று ஒதுக்கி வைத்த நாள் டிசம்பர் 25. 1968-ம் ஆண்டு அதே நாளின் இரவில், எங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்திலேயே, கீழ்வெண்மணியில், நாற்பத்து நான்கு பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதிலிருந்து வளர்ந்த பகை அது. அன்றிரவு எத்தனையோ ஆலயங்களில் சமாதானம் வேண்டிப் பிரார்த்தனை நடந்திருக்கும். பிரார்த்தித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேதி தானாகப் புனிதமாவதில்லை. மனிதர்கள் காவல் இருந்தால்தான் அது புனிதமாக இருக்கும் என்பதை அந்த இரவு எங்கள் மண்ணில் எழுதிவிட்டுப் போயிற்று.

இவ்வளவும் எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. என் மனைவி அடுப்பருகே நின்றாள். வேலைக்கு வருகிற பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். ஆகையால் பலகாரம் அதிகம், பாத்திரமும் அதிகம். மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமையை உலக ஜெப தினம் என்று பல நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் அனுசரிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாட்டுப் பெண்கள் ஜெப முறையை எழுதித் தர, மற்ற நாட்டார் அதைச் சொல்லி வேண்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்த வெள்ளிக்கிழமையில் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை யார் தேய்க்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். என் வீட்டுச் சத்தம் காதில் விழவே, வாயை மூடிக்கொண்டேன்.

தாத்தாவை எடைபோட இத்தனை பக்கம் எழுதினேனே, என் தராசை யார் பிடிப்பது?

எழுந்து போய் மனைவியிடம், "அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் காலைச் சமையல் என்னுடையது" என்றேன். அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் நம்பிக்கை அதிகமில்லை. பாத்திரம் தேய்க்கிற பெண்ணிடம், "இனிமேல் ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம் அம்மா" என்றேன்.

அவள் கை நின்றது. முகத்தில் சந்தோஷம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். பயம்தான் தெரிந்தது.

"சம்பளத்திலே பிடிச்சுக்குவீங்களா, ஐயா?"

அறுபது வருஷத்துக்கு முன்னால், வரப்பில் நின்றவள் என்னிடம் கேட்காமல் போன கேள்வி அது.

"இல்லை" என்றேன். முதல் மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும் வரையில் அவள் அதை நம்பவில்லை.