கல்லுக்கு உரியவர் யார்?

பல ஆண்டுகளுக்கு முன், திருமலையில் தரிசனம் முடித்துப் பிரசாதத்தோடு வெளிவந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தில், சிறுவன் ஒருவன் மதிற்சுவரிலிருந்த எழுத்துகளைக் காட்டி, "அப்பா, இது தமிழா?" என்று கேட்டான். "தமிழ்தான்; நட, பேருந்துக்கு நேரமாகிறது" என்று விடையிறுத்தார் தந்தை. அத்தந்தை வேறு யாருமல்லர், இக்கட்டுரையை எழுதுபவனே.

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களின் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல்லவ குலத்துச் சாமவை என்னும் அரசி வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்வித்து, அணிகலன்களும் நிலமும் அளித்த செய்தி அவற்றுள் ஒன்று. இதனைப் பத்தாம் நூற்றாண்டினதாகக் கொள்வர் அறிஞர் பலர். இக்கல்வெட்டுகளைத் திருப்பதி தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அப்பணியில் உழைத்தவர்களுள் முதன்மையானவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி.

இக்கற்கள் யாருக்கு உரியவை? "நமக்கே" என்று சொல்லத் துடிக்கும் நா நம்முடையது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோதும், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும் எழுந்த எல்லை வழக்கை நம் பெரியோர் மறந்திலர். அவ்வழக்கில் பழங்கல்வெட்டுகளும் சாட்சிக்கு அழைக்கப்பட்டன. அதிற் பிழையில்லை. ஆயினும் வழக்கு முடிந்தபின் சாட்சியை யார் நினைத்தார்? சித்தூர் எந்த மாநிலத்தது என்று வாதிடத் தெரிந்த நமக்கு, சித்தூர் வட்டாரத்தில் வயல் வரப்பிலும் வேப்ப மரத்தடியிலும் நிற்கும் நடுகற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. உரிமை கோருவதற்குச் செலவிட்ட மூச்சில் பாதியைப் படியெடுப்பதற்குச் செலவிட்டிருக்கலாம்.

கல்லைப் பொறித்தவர் நோக்கமும் வேறு. அணையா விளக்குக்கு, அமுதுபடிக்கு, ஏரிக்கு என்று கொடுத்தவர், சந்திர சூரியர் உள்ளவரை அந்த அறம் நடக்கவேண்டும் என்றே எழுதுவித்தனர். எம்மொழியார் காப்பது என்று வரையறுத்தாரில்லை. கிருஷ்ணதேவராயர் 1513இல் திருமலைக்கு அளித்த கொடைகள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்க் கற்களை வாசித்த அதே சாது சுப்பிரமணிய சாஸ்திரியார்தாம், அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகளை வெளிக்கொணர்வதிலும் முன்னின்றவர். எந்த மொழியின் சார்பில் அவர் உழைத்தார் என்று கேட்பது வீண் கேள்வி.

ஆகவே உரிமையைவிடக் கடமையைப் பற்றிக் கேட்பதே தகும். ஓர் ஊரில் நிற்கும் கல்லை அவ்வூரார் வாசிக்க இயலாதபோது, வாசிக்க வல்லவனுக்கு அங்கு ஒரு கடன் பிறக்கிறது. அண்டை வீட்டாருக்கு வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது போன்றது அது. கடிதம் நம் மொழியில் இருப்பதால் வீடு நமதாகிவிடாது. படித்துச் சொல்ல மறுத்தாலோ நாம் நல்ல அண்டையாரும் அல்லோம்.

இதற்கு அரசுத் துறைகள் இல்லையோ என்பர் சிலர். உண்டு. ஆனால் சாலையை அகலப்படுத்தும்போது பெயர்க்கப்படும் கல்லையும், துணி துவைக்கும் கல்லாய்க் கிடக்கும் நடுகல்லையும் முதலிற் காண்பவர் உள்ளூர் ஆசிரியரும் ஆடு மேய்ப்பவருமே. அவர்களை ஒன்றுசேர்ப்பது சிறிய வரலாற்றுக் கழகம். தஞ்சாவூரிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் 'ஆவணம்' இதழைப் புரட்டினால், இத்தகையோர் கண்டெடுத்தவை எத்துணை என்பது விளங்கும். அவர்களுக்கு வேண்டுவன பெருந்தொகைகள் அல்ல: கல்லைத் தேய்த்துக் கழுவத் தூரிகை, ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுக்கத் தாளும் மையும், பள்ளி மாணவரை ஒருநாள் அழைத்துச் செல்லப் பேருந்துக் கட்டணம். கும்பாபிஷேகப் பந்தலுக்கு மனமுவந்து ஈயும் நம் கை, இதற்கு மட்டும் ஏனோ தயங்குகிறது. பந்தலில் நம் பெயர் எழுதப்படும். மைப்படித் தாளில் வேறொருவர் பெயர்தானே இருக்கும்!

"எம் ஊர்க் கோயிற் கல்வெட்டின்மீதே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், அயல் மாநிலத்துக்கு யான் ஏன் ஈயவேண்டும்?" என்று சங்க அன்பர் ஒருவர் வினவினார். நியாயமான வினா. அவ்வூர்க் கழகத்துக்கே முதலில் ஈயட்டும். ஆனால் பிழைப்புத் தேடி அயலூர் வந்து, அவ்வூர்த் தண்ணீரைக் குடித்து வாழும் நாம், நம் முன்னோர் அயலிடத்தில் விட்டுச் சென்றதை அயலார் காக்கட்டும் என்பது எப்படிப் பொருந்தும்?

அண்மையில் பேரனோடு திருமலை சென்றிருந்தேன். அதே சுவர். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, நிற்கவிடவில்லை. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற முதற்சொல்லை மட்டும் விரலாற் சுட்டி வாசித்துக் காட்டினேன். அடுத்த சொல் என்ன என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.