பாதையின் ஹக்கு

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோவை கோட்டைமேட்டில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தோம். பள்ளிவாசல் முன்னே ஐம்பது அறுபது வண்டிகள். ஏறி உட்கார்ந்தவர்கள் இன்ஜினை ஓடவிட்டபடியே சலாம் சொல்லிக் கொண்டும், குடும்ப நலம் விசாரித்துக் கொண்டும் நின்றனர். சுவரோரம் தொப்பியும் தஸ்பீஹும் விற்கும் முதியவர் துண்டால் வாயைப் பொத்தி இருமிக் கொண்டிருந்தார். "என்னங்க பாய், உடம்புக்கு முடியலீங்களா?" என்றோம். "வாரா வாரம் இதேதானுங்க ஹஜ்ரத். யாரைச் சொல்றது? எல்லாரும் தொழுதுட்டு வர்றவங்கதான்" என்றார்.

அந்தப் பதில் நம் நெஞ்சில் தைத்தது.

அல்லாஹ்வின் ஹக்கில் குறை வைத்தவன் தவ்பாச் செய்து அவனிடமே மன்னிப்பை வேண்டலாம். அடியார்களின் ஹக்கில் குறை வைத்தவனோ, யாருக்குத் தீங்கிழைத்தானோ அவரிடமும் மன்னிப்புப் பெற வேண்டும் என்று உலமாக்கள் கூறுகின்றனர். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் கொண்டு வந்தும், பிறருக்குச் செய்த அநீதிக்கு ஈடாக அவற்றை இழந்து நிற்பவனே உண்மையான ஓட்டாண்டி என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

ஏசியிருந்தால் ஆளைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கலாம். நாம் விட்ட புகையைச் சுவாசித்தவரை எங்கே தேடுவது? உக்கடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கர்ப்பிணியா? பள்ளிக்கூடம் போன பிள்ளையா? புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. அதில் ஒரு பங்கு பல நூறாண்டுகள் காற்றிலே தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. ஆகவே இன்னும் பிறவாத பேரப்பிள்ளைகளுக்கும் நம்மீது ஹக்கு உண்டு. முகமறியாதவருக்காக துஆவும் சதகாவும் செய்யலாம்தான். ஆனால் நாளைக்கும் அதே தீங்கைச் செய்வோமானால் அது தவ்பாவாகுமா?

"அப்படியானால் வண்டியே ஓட்டக் கூடாதா?" என்று கேட்கலாம். பாதையோரங்களில் அமர வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, எங்களுக்கு வேறு இடமில்லையே என்றனர் ஸஹாபாக்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுங்கள் என்றார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் அந்த ஹக்கில் ஒன்று. பிழைப்புக்கும் வைத்தியத்துக்கும் வண்டி தேவை; மார்க்கம் அதைத் தடுக்கவில்லை. தேவைக்குரிய ஹக்கையே கேட்கிறது.

அந்த ஹக்கைக் கொடுப்பது கடினமன்று. அரை நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்து விடுவோம். டயரில் காற்றுக் குறையாமல் பார்த்து, சீரான வேகத்தில் ஓட்டினால் எண்ணெய்ச் செலவும் குறையும். புகைச் சான்றிதழைப் போலீஸுக்குப் பயந்து வாங்காமல், அல்லாஹ்வுக்குப் பயந்து வண்டியைப் பழுது பார்ப்போம். நான்கு கடை வேலையை ஒரே பயணத்தில் முடிப்போம். ஒரே தெருவிலிருந்து ஒரே வேலைக்குப் போகும் இருவருக்கு இரண்டு வண்டி எதற்கு? கோட்டைமேட்டிலிருந்து ஒப்பணக்கார வீதிக்கு நடந்தே போகலாமே! பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா கூட்டத்தாரிடம், இருக்குமிடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவாகின்றன என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்த நன்மையை நாம் பெட்ரோல் கொடுத்து இழக்கலாமா?

"உக்கடத்தில் ஓடும் ஆயிரம் வண்டிகளில் என் ஒரு வண்டியா கெடுத்து விடும்?" என்போரும் உண்டு. ஆயிரம் பேர் சேர்ந்து செய்தால் தீங்கு நன்மையாகி விடுமா? மறுமையில் கணக்கு ஊராருக்கு மொத்தமாக அல்ல, அவரவருக்குத் தனித்தனியே கேட்கப்படும். 2024-இல் உக்கடம் மேம்பாலம் திறந்தார்கள். பாலம் கட்டுவது அரசாங்கத்தின் வேலை. சாவியைத் திருப்புவது நம் கையில் இருக்கிறது.

வரும் வெள்ளியன்று பள்ளிவாசல் முன்னே முதலில் இன்ஜினை அணைத்து, பிறகு சலாம் சொல்வோமாக! நாம் அறியாதவர்களின் ஹக்கையும் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.