அச்சமும் அகவையும்

இளங்கன்று பயமறியாது என்பது பழமொழி. இதனைப் புகழுரையாகக் கொள்வாரும் உளர். இடித்துரையாகக் கொள்வாரும் உளர். இளமையில் துணிவு மிகுதி, முதுமையில் அச்சம் மிகுதி என்பதே இருசாராரும் கொள்ளும் பொருள். அது முழுதும் உண்மையா?

காந்தியடிகளின் வாழ்க்கை இதனை மறுக்கிறது. இளமையில் கள்வருக்கும் பேய்க்கும் பாம்புக்கும் அஞ்சியதாகவும், விளக்கில்லாத அறையில் உறங்க இயலாதிருந்ததாகவும் அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவர்தாம் 1930-இல், அறுபது வயதில், உப்புச் சட்டத்தை மீறத் தண்டிக்கு நடந்தார். 1947-இன் தொடக்கத்தில், எழுபத்தேழு வயதில், வகுப்புக் கலவரத்தால் சிதைந்த நவகாளியின் சிற்றூர்களில் வெறுங்காலுடன் நடந்தார். இங்கே முதுமை அச்சத்தை வளர்க்கவில்லை, களைந்தது.

அங்ஙனமாயின் அகவையோடு மாறுவது யாது? அச்சத்தின் அளவைவிட, யார்பொருட்டு அஞ்சுகிறோம் என்பதே பெரிதும் மாறுகிறது. குழந்தை தனக்காக அஞ்சுகிறது. இளைஞர் தமக்காக அஞ்சுவதை விட்டொழிக்கின்றனர். அவரை நம்பி வாழ்வோரும் அப்போது பெரும்பாலும் இலர். பெற்றோரான பின்போ, பிறருக்காக அஞ்சுதல் தொடங்குகிறது.

இளமையும் பெற்றோர் மனமும் ஒரே வீட்டில் எதிரெதிர் நின்ற நிகழ்ச்சி மலாயா வரலாற்றில் உண்டு. 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோசின் அழைப்பைக் கேட்டு, வசதிமிக்க தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாகிய ஜானகி தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். ஜான்சி ராணிப் படையில் சேரவும் உறுதி கொண்டார். அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. தந்தையார் கடுமையாக மறுத்தார். பலவாறு வேண்டிய பின்னரே இசைந்தார்.

அம்மறுப்பைக் கோழைமை என்னலாமா? சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் திரும்பாத காலம் அது. அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. எனினும் அவ்வச்சம் மகளின் சொல்லுக்குச் செவிசாய்த்தது, வழியும் விட்டது. 1945-இல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய துயரப் பயணத்தைக் கடந்து மீண்ட ஜானகி, 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியபோது அதன் தொடக்கத் தலைமுறையினருள் ஒருவரானார். அவர் மீளாதிருந்தால் தந்தையின் இசைவு தவறாகிவிடுமா? ஆகாது. விளைவைக் கொண்டு மட்டும் துணிவை எடைபோடுதல் முறையன்று.

ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மாணவர் அறியாத துறையொன்றை நாடும்போது நாம் தடுப்பது அவர்பொருட்டா, நம் மன அமைதியின்பொருட்டா? காரணம் கூறவல்ல அச்சம் அறிவாகும். கூறமாட்டாத அச்சம் வெறும் பழக்கம். அப்பழக்கத்தை அனுபவம் என்று பெயரிட்டு இளையோரிடம் ஒப்படைத்தல் அறமன்று.

மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. தடுக்கும் பெரியவரைக் கோழை என்று தள்ளுமுன், அவர் யாருக்காக அஞ்சுகிறார் என்று வினவுதல் வேண்டும். விடை பெரும்பாலும், வினவுகின்ற அம்மாணவராகவே இருக்கும்.