பயனற்றது எது?

"பயனற்றது" என்னும் சொல்லை நாம் எவ்வளவு எளிதிற் சொல்லிவிடுகின்றோம்! நேற்றுவரை நமக்கு உழைத்த ஒரு பொருள் இன்று அவ்வேலைக்கு வேண்டப்படாவிடில், அதற்கு வேறு தகுதியே இல்லையெனத் தீர்ப்பளித்துக் குப்பையில் எறிகின்றோம். அத்தீர்ப்பு நியாயமானதுதானா?

போலந்து தேசத்து எஞ்சினியர் பாவெல் சட்ரோஸ்னியாக் செய்த காரியத்தை ஈண்டு நோக்குவோம். கம்ப்யூட்டரில் பிளாப்பித் தகடுகளைப் படிக்கும் பெட்டிகள் வழக்கொழிந்து போயின. அவற்றுள் இரண்டை 2011-ஆம் ஆண்டில் அவர் பாட்டிசைக்கச் செய்தார். 2022-இல் அவர் அமைத்த 'பிளாப்போட்ரான்' என்னும் வாத்தியக் கூட்டத்திலோ 512 பிளாப்பிப் பெட்டிகளும், 16 ஹார்ட் டிஸ்குகளும், 4 ஸ்கேனர்களும் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டு ஒலித்தன.

இது மாயமன்று. பிளாப்பிப் பெட்டியினுள் ஒரு சிறு மோட்டார், படிக்கும் முனையைப் படிப்படியாய் நகர்த்துகின்றது. ஒவ்வொரு நகர்வும் ஓர் அதிர்வு. வினாடிக்கு இத்தனை நகர்வு என வகுத்தால் அதுவே ஒரு சுரம். நகர்வு விரைந்தால் சுரம் உயரும். ஸ்கேனரின் மோட்டாரும் அங்ஙனமே பாடும். ஹார்ட் டிஸ்கின் முனை தட்டும் ஓசை தாளமாகும். பல பெட்டிகள் சேர்ந்தால் பேரொலி; சில மட்டும் இயங்கினால் மெல்லொலி.

அன்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அவ்வொலியை அவர் வெளியிலிருந்து கொணர்ந்து புகுத்தவில்லை. பெட்டிகள் உழைத்த காலத்திலேயே அது அவற்றுள் இருந்தது. அன்று அதனை நாம் இரைச்சல் என்றோம். குறை பொருளிலா, நம் செவியிலா?

"இரைச்சலைப் பாட்டாக்கினால் உலகத்துக் குப்பை தீர்ந்துவிடுமோ?" என்று கேட்பர் சிலர். தீராது. 2022-இல் மட்டும் உலகிற் சேர்ந்த மின்பொருட் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுபயனுக்குக் கொணர்ந்ததாகப் பதிவானது அதில் காற்பங்கிற்கும் குறைவு. அதன்முன் 512 பெட்டிகள் எம்மாத்திரம்?

ஆயினும் அப்பெட்டிகள் ஓர் உண்மையை நிறுவுகின்றன. ஒரு பொருளின் வேலை முடிவதும் அதன் தகுதி முடிவதும் ஒன்றல்ல. நாம் அறிந்த ஒரு வேலையைக் கொண்டே அதனை அளந்தோம், அறியாதவற்றை இல்லையென்றோம்.

பொருளுக்கே இங்ஙனமாயின், மனிதனுக்கு? வேலை இழந்தவரையும் முதுமையுற்றவரையும் நோக்கி, "இனி இவர் எதற்கு உதவுவார்?" என்று கேட்க நம் நா கூச வேண்டாமா? பெட்டிக்காவது மறுபயன் ஒன்றைக் காட்டிய பின்னரே மதிப்பளிக்கின்றோம். மனிதனுக்கு அந்தச் சாட்சியும் வேண்டுவதில்லை. அவன் மனிதனாயிருப்பதே போதும். எறியக் கை ஓங்குமுன் ஒருகணம் செவி சாய்ப்போமாக.