தட்டுக்கு வருமுன்

"தட்டுல மிச்சம் வைக்காதே, சாமி கண்ணைக் குத்தும்" என்று பயம் காட்டித்தான் நம் வீடுகளில் இந்தப் பாடம் தொடங்குகிறது. அப்படி அதட்டும் பாட்டிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்தவர்கள் வளர்த்த தலைமுறை அது. ஆனால் பயம் என்ன கற்றுக்கொடுக்கும்? யாரும் பார்க்காதபோது கொட்டத்தான்.

கம்போங் மேடானில் ஞாயிறு சமய வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறுகிறவர்களில் நானும் ஒருவன். பெரியவர்களுக்கு வைக்கிற அதே கரண்டிதான் ஆறு வயதுப் பிள்ளைக்கும். "போதும் அண்ணா" என்று கையைக் குறுக்கே நீட்டினாலும், பக்கத்தில் நிற்கும் அத்தை ஒருவர், "வளர்ற பிள்ளை, வைங்க தம்பி" என்பார். பிறகு மிச்சம் வைத்தால் திட்டு. அளவை முடிவு செய்தது நாம், பழி பிள்ளைக்கு. இது நியாயமா?

முழுசா சாப்பிட வைத்துவிட்டால் சரியாகிடுமா? பசி அடங்கிய பிறகு திணிக்கிற சோறு யாருக்கும் உதவாது. குப்பைத்தொட்டிக்குப் பதில் வயிறு, அவ்வளவுதான். (தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் நாங்கள் வால்வைத்தான் போய்ப் பார்ப்போம், தொட்டியைத் திட்ட மாட்டோம்.)

இப்போது சின்னக் கரண்டி வைத்து, பிள்ளைகளையே போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். முதல் வாரம் ஒருத்தன் மலைபோல் குவித்துவிட்டு விழித்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பாதிதான் எடுத்தான், பிறகு இன்னொரு கரண்டி கேட்டு வந்தான்.

சட்டியில் நிற்கும் சோற்றை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கை பட்ட தட்டுச் சோற்றைக் கொடுக்க முடியாது. சாமி கண்ணைக் குத்தும் என்பதைவிடப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரிகிறது. கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. அதே அடுக்குமாடிகளில் எடை கூடிய பிள்ளைகளும் இருந்தார்கள்.

வள்ளலார் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு பசித்தவர்களுக்கானது. நம் அன்னதான வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் சமைத்துவிட்டு வந்தவர்கள்! வரட்டும், அதில் தப்பில்லை. ஆனால் சட்டியில் மீந்ததை ஆறுவதற்குள் பொட்டலம் கட்டி, பக்கத்து அடுக்குமாடிக்குக் கொண்டுபோகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமே. எத்தனை பொட்டலம் கட்டலாம் என்று அவர்களே எண்ணட்டும்.